அடிமையாய்ப் பிறந்த ஆசிரியர்

ஆசிரியரிலக்கணங் கூறப் புகுந்த பவணந்தி முனிவர் பூமி, மலை, தராசு, பூ என்னும் நான்கினையும் அவனுக்கு உவமையாக்கினார். இவற்றுள் பூமியின் இயல்பையும் தராசின் இயல்பையும் ஒருங்கே ஒருவனிடத்திற் காண்டல் எத்துணை அரிது என்பது, நன்னூலைப் பல ஆண்டு பாடஞ் சொன்ன பின்னரே எனக்குப் புலனாயிற்று. பூமி எல்லாவற்றையும் வாய் திறவாது தாங்குகின்றது. தராசோ எவர் முகமும் பாராமல் உள்ள நிறையை உள்ளவாறே காட்டிவிடுகின்றது. தாங்குதற்பொருட்டு வாய் மூடியிருப்பவன் உண்மையை எவ்வாறு காட்டுவான்? காட்டத் துணிந்தவனை ஊர் எத்தனை நாளைக்கு விட்டுவைக்கும்? ஓரினம் மற்றோரினத்தைக் காலின் கீழ் வைத்தாளும் நாட்டிலே, தாழ்த்தப்பட்ட இனத்துப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் ஒவ்வோர் ஆசிரியனுக்கும் இவ்வினா நாள்தோறும் எழுவதாகும். அதனோடு போராடியே வாழ்ந்து மாய்ந்த ஒருவருடைய சரித்திரத்தை ஈண்டு எழுதுகின்றேன். அவர் அமெரிக்கக் கறுப்பினத்தவராகிய புக்கர் ரி. வாஷிங்டன்.

அப்பெயர் நம்மவர்க்குப் புதியதன்று. அடிமை நிலையினின்றும் தாம் மேலெழுந்த கதையை அவரே எழுதி 1901ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் சென்றது. தென்னாபிரிக்காவில் இருந்த காந்தியடிகள் 1903இல் தமது இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையிலே அவரைப் பாராட்டி எழுதினார். கலாசாலையில் ஆசிரியத் தொழிலுக்கு ஆயத்தமாகும் இளைஞர்க்கு அந்நூலை நானும் எடுத்துக் கொடுப்பதுண்டு. கொடுக்கும்போது, இதனைப் படித்து முடித்தாலும் இவரிற் பாதியையே அறிந்தவராவீர்கள் என்றும், மறு பாதியை அவர் பெட்டியிற் பூட்டி வைத்துவிட்டார் என்றும் சொல்லிக் கொடுப்பேன்.

வேர்ஜீனியா மாநிலத்துப் பண்ணையொன்றிலே, 1856ஆம் ஆண்டில், ஜேன் என்னும் அடிமைச் சமையற்காரிக்கு அவர் மகனாய்ப் பிறந்தார். தந்தை ஒரு வெள்ளையர் என்பதற்குமேல் அவர் ஒன்றும் அறிந்திலர். 1861இல் பண்ணை முதலாளி இறந்தார். அவர் விட்டுச் சென்ற உடைமைகளை விலை மதித்து எழுதிய அட்டவணையிலே சிறுவன் புக்கரும் ஓர் உருப்படியாகச் சேர்க்கப்பட்டான். மதிப்பு 400 டொலர். கறுப்பினத்தவரைக் கூட்டி எழுத்தறிவிப்பதை வேர்ஜீனியா 1831ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடுத்திருந்தது. ஆதலின் முதலாளி வீட்டுப் பெண்பிள்ளையின் புத்தகங்களைப் பாடசாலை வாயில் வரை சுமந்து செல்வதொன்றே புக்கருக்கு வாய்த்த கல்வியாயிற்று. உள்ளே பிள்ளைகள் வரிசையாயிருந்து படிப்பதை அவ்வாயிலில் நின்று கண்ட சிறுவனுக்கு அவ்விடம் சுவர்க்கமாகவே தோன்றிற்றாம்.

விடுதலை 1865இல் வந்தது. தாய் பிள்ளைகளுடன் மேற்கு வேர்ஜீனியாவிலுள்ள மோல்டன் என்னும் ஊருக்குச் சென்றாள். அங்கே சிறுவனுக்கு உப்பாலையில் வேலை. மாற்றாந் தந்தையின் உப்புப் பீப்பாய்களுக்கு அடையாளமாக 18 என்னும் இலக்கம் இடப்படும். அவர் முதன்முதல் வாசிக்கக் கற்றது அவ்விலக்கத்தையே. பின்னர் கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை தோன்றியபோது, காலை ஒன்பது மணி வரை ஆலையில் உழைத்துவிட்டுச் செல்லலாம் என வீட்டில் அநுமதி கிடைத்தது. பாடசாலையும் ஒன்பது மணிக்கே தொடங்கும், தூரமோ பெரிது. சிறுவன் என் செய்தான்? ஆலைக் கடிகாரத்தின் முள்ளை எட்டரையிலிருந்து ஒன்பதுக்கு நகர்த்திவிட்டு ஓடினான். ஒழுக்கம் போதிக்கும் ஆசிரியன்மார் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவதை நான் கண்டிருக்கின்றேன். நான் கடப்பதில்லை. நேர்வழி அடைக்கப்பட்டவன் பிறர் காணாத வழியைத் தேடுவான் என்பதை இக்கடிகாரம் முன்கூட்டியே காட்டுகின்றது. இடாப்பில் எழுதுதற்கு ஆசிரியர் பெயர் கேட்டபோது, ஏனைய பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் இருக்கத் தனக்கு ஒன்றே உள்ளதை உணர்ந்து, அவ்வேளையிலேயே வாஷிங்டன் என்பதையும் சேர்த்துச் சொன்னவரும் அவரே.

அவ்வூரிலே 1869இல் ஒரு கலகம் மூண்டது. வெள்ளையர் கூட்டமொன்றும் கறுப்பினத்தவர் கூட்டமொன்றும் கல்லாலும் துப்பாக்கியாலும் பொருதன. கறுப்பினத்தவரைக் காக்க இடையிற் புகுந்த ஜெனரல் ரஃப்னர் என்னும் வெள்ளைக் கனவான் தலையில் அடிபட்டு வீழ்ந்தார். பதின்மூன்று வயதுச் சிறுவன் இதனை நேரிற் கண்டு நின்றான். முகமூடியணிந்த வெள்ளையர் இரவிலே வந்து கறுப்பினத்தவரின் கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் எரித்துவந்த காலம் அது. பின்னாளில் அவர் நடந்துகொண்ட முறைக்கு விளக்கம் தேடுவோர் முதலில் இக்காட்சியைக் கருத வேண்டும்.

1872இல், கிழக்கே வெகு தொலைவிலுள்ள ஹம்ப்டன் கலாசாலையை நோக்கி, பாதி நடையும் பாதி வண்டியுமாகப் புறப்பட்டார். றிச்மண்ட் நகரத்திலே கையிற் காசின்றி மரத்தள நடைபாதையின் கீழ்ப் படுத்துறங்கினார். ஹம்ப்டனில் அவருக்கு வைக்கப்பட்ட பிரவேசப் பரீட்சை, ஓர் அறையைக் கூட்டித் துடைத்தலே. மூன்று முறை கூட்டி நான்கு முறை தூசி துடைத்தார். ஆசிரியை கைக்குட்டையால் சுவரைத் துடைத்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். இக்கதை எல்லோரும் அறிந்தது. அங்கே தலைவராயிருந்த ஆம்ஸ்றோங் என்னும் வெள்ளைப் படைத்தலைவர் கைத்தொழிலோடு கூடிய கல்வியையே பெரிதாக மதித்தார். புக்கரும் அவரைத் தெய்வம்போற் கொண்டார்.

1875இல் படிப்பு முடிந்தது. மோல்டனுக்குத் திரும்பிப் பகலிற் சிறுவர்க்கும் இரவில் முதியோர்க்கும் பாடஞ் சொன்னார். பின்பு ஹம்ப்டன் அவரை ஆசிரியராக அழைத்து, அங்கே படிக்க வந்த அமெரிக்கப் பூர்வகுடி மாணவர்க்குக் காவலராக நியமித்தது. அக்காலத்து நிகழ்ச்சியொன்றைக் கூறாது விடல் இயலாது. அம்மாணவருள் ஒருவன் நோயுற்றான். அவனை அழைத்துச் சென்று வாஷிங்டன் நகரத்து அரசாங்க அதிகாரியிடம் ஒப்புவித்தல் ஆசிரியர் கடமையாயிற்று. நீராவிக் கப்பலிலே உணவு மண்டபத்தை அணுகியபோது, மாணவன் உள்ளே வரலாம், ஆசிரியர் வருதல் கூடாது என்றார் அங்கிருந்த பொறுப்பாளர். நகரத்துத் தங்குமனையிலும் அவ்விதியே. இருவருள் எவர் நிறம் எவ்வளவு கருமை என்று அளந்து பார்க்கும் கண்கள் அவர்களுக்கு எவ்வாறு வாய்த்தனவோ! தன் மாணாக்கன் கண்முன்னே வாயிலில் நிறுத்தப்பட்ட ஆசிரியன், மறுநாள் வகுப்பில் எம்முகத்தோடு நிற்பான்? அவர் இதனைத் தம் நூலிலே சிரித்துக்கொண்டே சொல்வதுபோற் சொல்லிச் செல்கின்றார். அச்சிரிப்பை நான் நம்புவதில்லை.

1881ஆம் ஆண்டிலே தென் மாநிலமாகிய அலபாமாவில், டஸ்கீகி என்னும் சிற்றூரில், கறுப்பின ஆசிரியர்களைப் பயிற்றும் பாடசாலையொன்றை நிறுவச் சட்டசபை ஆண்டுக்கு 2,000 டொலர் ஒதுக்கிற்று. இது கருணையால் வந்ததன்று. லூயிஸ் அடம்ஸ் என்னும் முன்னாள் அடிமையொருவர் தகர வேலை செய்பவர். கறுப்பின மக்களிடையே செல்வாக்குடையவர். தம்மவரின் வாக்குகளைத் தேர்தலில் ஒரு வெள்ளை வேட்பாளருக்கு வாங்கிக் கொடுத்து, அதற்கு விலையாக இப்பாடசாலையைப் பெற்றார். வாக்குரிமை என்ன செய்யும் என்பதற்கு டஸ்கீகியே சான்று. அவ்வுரிமையைப் பற்றி உரக்கப் பேசாதிருத்தலையே தன் காப்பாகக் கொள்ளவும் அப்பாடசாலைக்கு நேர்ந்தது.

இருபத்தைந்து வயதுத் தலைமையாசிரியராக வாஷிங்டன் அங்கே வந்தபோது நிலமுமில்லை, கட்டடமுமில்லை. சம்பளத்துக்கு மட்டுமே பணமிருந்தது. யூலை 4ஆந் திகதி ஒரு கோயிலையடுத்த இடிந்த கொட்டிலிலே முப்பது மாணவருடன் வகுப்புத் தொடங்கிற்று. மழை பெய்தால் மாணவரொருவர் எழுந்து ஆசிரியர் தலைக்குமேற் குடை பிடிப்பார்; குடையின் கீழிருந்தே அவர் பாடங் கேட்பார். அம்முப்பதின்மரிற் பெரும்பாலோர் ஏற்கெனவே ஊர்ப் பாடசாலைகளில் ஆசிரியராயிருந்தவர்கள்; சிலர் நாற்பது வயதை அணுகியவர்கள். ஆசிரியர்க்கு ஆசிரியராதல் எளிதன்று; அத்தொழிலின் இடுக்கண் எனக்குஞ் சிறிது தெரியும்.

பின்னர் 500 டொலருக்கு நூறு ஏக்கர் காணி வாங்கப்பட்டது. அங்கிருந்த கோழிக்கூடும் வகுப்பறையாயிற்று. செங்கல் வேண்டும், வாங்கப் பணமில்லை, தாமே சுடத் துணிந்தனர். மூன்று சூளைகள் வீணாயின. நான்காவது சூளைக்கு வாஷிங்டன் தம் கடிகாரத்தை 15 டொலருக்கு அடகு வைத்தார். அது கைகூடிற்று. அடகு மீளவில்லை. அக்கற்களை வாங்க அயலூர் வெள்ளையரும் வண்டி கட்டி வந்தனர். சில ஆண்டுகளில் அப்பாடசாலை ஆண்டொன்றுக்குப் பன்னிரண்டு இலட்சம் செங்கல் செய்யும் நிலைக்கு வந்தது.

இச்செங்கற் கதையை உழைப்பின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். உழைப்பின் பெருமை அதில் உண்டு, மறுப்பாரில்லை. ஆயினும் அதனுள் மற்றொன்றும் உண்டு. கறுப்பினத்தவன் படித்தால் வயலை விட்டுவிடுவான், உயர்ந்த தொப்பியும் போலித் தங்கக் கண்ணாடியும் பகட்டான கைத்தடியுமாகத் திரிவான், வேலைக்கு ஆள் கிடையாது என்று அயலவர் அஞ்சினர். அவ்வச்சம் கோபமாக மாறும் நாளில் பள்ளிக்கூடம் சாம்பலாகும். கல் வாங்க வருபவன் நெருப்பு வைக்க வரமாட்டான் என்பது வாஷிங்டனின் கணக்கு. ஆகவே அங்கே எதைக் கற்பிப்பது என்பதை ஆசிரியர் தனியே தீர்மானித்திலர். வேலிக்கு அப்பால் நின்று பார்ப்பவனுடைய முகமும் சேர்ந்தே தீர்மானித்தது. கணிதம் கற்பித்தால் மரவேலைக் கணக்கும், இலக்கணம் கற்பித்தால் பண்ணையைப் பற்றிய கட்டுரையும் வருமாறு பாடங்களை இணைக்கும்படி அவர் வற்புறுத்தினார். ஹார்வார்டில் படித்துவந்த றொஸ்கோ புறூஸ் என்னும் ஆசிரியர், கல்விப் பகுதியின் தலைவராயிருந்து, இவ்விணைப்பினாற் பாடம் பாடமாயிராமற் போகின்றதென முறையிட்டு, இறுதியில் விலகினார்.

இங்கே ஓர் இடைப்பிறவரல். யாப்பருங்கலக் காரிகையைத் தோட்டத்து வரம்பிலிருந்து மனனஞ் செய்த என் போன்றோர்க்கு, ஏர் பிடித்தவன் இலக்கணம் படிக்கலாகாதென்பதும், இலக்கணம் படித்தவன் ஏர் பிடிக்கலாகாதென்பதும் ஒரே மடமையின் இரு முகங்களாகவே தோன்றும். அழுக்கு நிறைந்த குடிசையிலிருந்து பிரெஞ்சு இலக்கணம் படித்த இளைஞனைப் பார்த்து வாஷிங்டன் நகைத்தார். அந்நகைப்பில் அவரோடு நான் சேர்வதில்லை. அவ்விளைஞன் குடிசையைத் துப்புரவாக்கியிருக்கலாம் என்பது உண்மை. அதற்காகப் புத்தகத்தை ஏன் மூட வேண்டும்?

1895ஆம் ஆண்டு யூன் மாதத்து இரவொன்றிலே நிகழ்ந்ததை இனிச் சொல்கின்றேன். டஸ்கீகியில் தோமஸ் ஹரிஸ் என்னும் கறுப்பின நியாயவாதி ஒருவர் இருந்தார். வெள்ளைப் பிரசங்கியொருவரைத் தம் வீட்டில் தங்கவைத்தார் என்பதனால் ஊர் வெள்ளையர் அவர்மேற் சினங்கொண்டனர். கூட்டமொன்று ஆயுதத்துடன் வந்தது. காலிற் குண்டுபட்ட ஹரிஸ், தம் மகன் துணையோடு வாஷிங்டனின் வீட்டு வாயிலுக்கு வந்து அடைக்கலம் கேட்டார். வாஷிங்டன் வாயிலை அடைத்தார். மாணவர் நிறைந்த வளவுக்குள் அவரை ஏற்பதற்கில்லை என்று மறுத்துவிட்டார். ஊர் வெள்ளையர் இச்செய்தி கேட்டு மகிழ்ந்து அவரைப் புகழ்ந்தனர். கறுப்பினத்தவரோ, குருதி ஒழுக வந்தவனைத் துரத்திய கோழை என இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சிக்கு அவர் பொதுவில் விடை கூறவேயில்லை.

உண்மை யாது? வாயிலில் மறுத்த அவரே, பிறர் அறியாதவாறு ஹரிசைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பி, வைத்தியத்துக்கும் ஏற்பாடு செய்தார். இதனை நண்பரொருவர்க்கு மட்டும் அந்தரங்கமாக எழுதினார். அக்கடிதம் கடிதக் கட்டுகளினிடையே கிடந்து, நெடுங்காலத்தின் பின் லூயிஸ் ஹார்லன் என்னும் சரித்திர ஆசிரியர் ஆராய்ந்தபோதே உலகுக்குத் தெரிந்தது. அன்றிரவு அவர் வாயிலைத் திறந்திருந்தால் வீரராயிருப்பார். விடியும்போது பாடசாலை இருந்திருக்குமோ என்பதை யார் சொல்ல வல்லார்? அவருடைய மாணவர்கள் மறுநாட் காலை வகுப்புக்கு வந்தபோது எதனை நம்பினர் என்பதே என்னை வருத்துவது. தலைமையாசிரியர் ஓர் ஏழைக்கு உதவினார் என்னும் பாடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வாயில் அடைபட்டது என்னும் பாடமே கிடைத்தது.

மூன்று மாதங் கழித்து, செப்ரெம்பர் 18ஆந் திகதி, அட்லாண்டா நகரத்துப் பொருட்காட்சியிலே வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கூடிய பேரவையில் அவர் பேசினார். சமுதாய வாழ்வில் இரு இனங்களும் விரல்கள்போற் பிரிந்திருக்கலாம், பொது முன்னேற்றத்திற் கைபோல் ஒன்றாயிருக்கலாம் என்னுங் கருத்துப்பட மொழிந்தார். சமத்துவத்துக்காகக் கிளர்ச்சி செய்வது அறியாமை என்றார். வெள்ளையர் எழுந்து நின்று ஆரவாரித்தனர். ஒரே நாளில் அவர் தம்மினத்தின் தலைவராக்கப்பட்டார். மறு ஆண்டிலே, பிரித்து வைத்தல் சட்டத்துக்கு முரணன்று என நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1901இல் அலபாமா புதிய அரசியல் யாப்பொன்றை இயற்றிக் கறுப்பினத்தவரிற் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தது. விட்டுக்கொடுத்தவர்க்கு எதிர்ப்பக்கத்தார் ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவ்வாண்டு ஒக்ரோபர் 16ஆந் திகதி ஜனாதிபதி தியடோர் றூஸ்வெல்ட் அவரை வெள்ளை மாளிகைக்கு இராப்போசனத்துக்கு அழைத்தார். ஒரு கறுப்பினத்தவர் ஜனாதிபதியின் குடும்பத்துடன் ஒரே மேசையில் உண்டார் என்பதற்காகத் தென் மாநிலப் பத்திரிகைகள் மாதக்கணக்காக வசைபாடின. கொலை அச்சுறுத்தல்கள் வந்தன.

அச்சம் தலைவரோடு நின்றுவிடவில்லை. 1902இல் அலபாமாவின் றேமர் என்னும் ஊரிலிருந்த கறுப்பினப் பாடசாலையைப் படமெடுக்க, பிரான்சிஸ் ஜோன்ஸ்ரன் என்னும் வெள்ளைப் பெண்மணி சென்றார். டஸ்கீகியின் விவசாய ஆசிரியரும் பின்னாளில் பெரும்புகழ் பெற்றவருமாகிய ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் அதே புகையிரதத்திற் சென்றார். இரவிலே நிலையத்திற் சந்தித்து அப்பெண்மணியை வண்டியில் ஏற்றிச் சென்றார் அப்பாடசாலைத் தலைமையாசிரியர். கறுப்பின ஆடவனும் வெள்ளைப் பெண்ணும் ஒரே வண்டியிற் சென்றதைக் கண்டோர் துப்பாக்கியாற் சுட்டனர். தலைமையாசிரியர் உயிர் தப்பி ஊரை விட்டே ஓடினார். கார்வர், பிடிபடாதிருக்க இரவு முழுதும் நடந்தார். அப்பாடசாலை மூடப்பட்டது. பாடசாலையின் பெருமையைக் காட்டுதற்கு எடுக்கப் போன படம் அப்பாடசாலையையே இல்லாமற் செய்தது. தலைமையாசிரியனை இழந்த அப்பிள்ளைகள் அடுத்த திங்கட்கிழமை எங்கே போயிருப்பார்கள் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. இத்தகைய ஊர்களுக்கே டஸ்கீகி தன் மாணவரை ஆசிரியராக அனுப்பிக்கொண்டிருந்தது. வாயடக்கம் அவர்களுக்கு ஒரு பாடமாகவே இருந்ததில் வியப்பென்ன?

பெட்டியிற் பூட்டிய பாதிக்கு இனி வருவோம். அலபாமாவின் வாக்குரிமைச் சட்டத்தை எதிர்த்து ஜைல்ஸ் என்பவர் வழக்குத் தொடுத்தார். அது 1903இலும் 1904இலும் உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. அதனை நடத்திய வழக்கறிஞர்க்குப் பணங் கொடுத்தவர் யார் என்பது அந்நாளில் எவர்க்குந் தெரியாது. கொடுத்தவர் வாஷிங்டன். அவருடைய செயலாளரும் வழக்கறிஞரும் புனைபெயர்களாலும் மறைமொழிகளாலும் கடிதம் எழுதிக்கொண்டனர். கறுப்பினத்தவரை யூரிகளிலிருந்து விலக்கியதை எதிர்த்த வழக்கொன்று வென்றது. அதற்குப் பின்னும் அவர் கை இருந்தது. கடனைக் காட்டித் தொழிலாளியை அடிமைபோற் கட்டிவைக்கும் அலபாமாச் சட்டத்தை 1911இல் உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. அவ்வழக்குக்கும் அவர் மறைவில் உதவினார். கிளர்ச்சி அறியாமை என்று மேடையிற் சொன்னவர், இரவில் விளக்கை அடக்கிவைத்துக்கொண்டு கிளர்ச்சிக்குக் காசோலை எழுதினார்.

இதனை அறிந்தவுடன் அவரை வாயார வாழ்த்திவிட எனக்கும் ஆசைதான். ஆனால் மறைவிற் பழகிய கை ஒரு பக்கமாக மட்டும் நீள்வதில்லை. தம்மை எதிர்த்த கறுப்பினத்தவரின் கூட்டங்களுக்கு அவர் ஒற்றர்களை அனுப்பினார். கறுப்பினப் பத்திரிகைகள் சிலவற்றைப் பணத்தால் வசப்படுத்தினார். அட்லாண்டாவிலே பேராசிரியராயிருந்த டுபோய்ஸ் 1903இல் வெளியிட்ட நூலிலே, வாக்குரிமையையும் உயர்கல்வியையும் விட்டுக்கொடுத்துப் பெறும் அமைதி அமைதியாகாது என வாதித்தார். வாஷிங்டன் வெளிப்படையாக மறுமொழி கூறாமல், அவர்க்கும் அவர் நண்பர்க்கும் வழிகளை மறைவில் அடைக்க முற்பட்டார். இவ்விடத்தில் அவருக்காக வாதாட நான் முன்வரேன். வெள்ளையர்க்கு அஞ்சி மறைத்ததைப் பொறுக்கலாம்; தன்னினத்தவன் கேட்ட நேரான வினாவுக்கு ஒற்றனை விடையாக அனுப்பியதை ஓர் ஆசிரியன் செயலென்று எவ்வாறு கொள்வது?

எனினும் அவர் சேர்த்த ஆசிரியர் கூட்டத்திலே தராசு பிடித்தவரும் இருந்தனர். 1908இல் மன்றோ வேர்க் என்னும் ஆராய்ச்சியாளர் டஸ்கீகிக்கு வந்து பதிவேட்டுப் பகுதியொன்றைத் தொடங்கினார். விசாரணையின்றிக் கூட்டங்கூடி மனிதரைக் கொல்லும் கொடுமையை, ஊர், நாள், பெயர் என்பவற்றோடு அங்கே ஒவ்வொன்றாக எழுதி எண்ணினர். எண்ணிக்கையை ஆண்டுதோறும் பத்திரிகைகளுக்கு அனுப்பினர். 1882 முதல் 1968 வரை கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் 3,446 பேர் என்பது அப்பதிவேட்டின் கணக்கு. அதில் வசைமொழி ஒன்றுமில்லை, கண்டனம் ஒன்றுமில்லை. எண்கள் மட்டுமே. ஒரு கட்டடத்தில் மாணவர் செங்கல்லை எண்ணினர். மற்றொன்றில் ஆசிரியர் பிணங்களை எண்ணினர்.

அவருடைய கடைசிப் பெரும்பணி சிற்றூர்ப் பாடசாலைகளைப் பற்றியது. சிக்காகோ வணிகராகிய யூலியஸ் றோசன்வால்ட் 1912இல் அளித்த நன்கொடையில் எஞ்சியதைக்கொண்டு அலபாமாவில் ஆறு பாடசாலைகளைக் கட்டுவித்தார். ஊர் மக்களும் பணமும் உழைப்பும் கொடுத்தனர். 1932 வரையில் தென் மாநிலங்களெங்கும் ஏறத்தாழ ஐயாயிரம் பாடசாலைகள் இவ்வழியில் எழுந்தன. றேமரை எண்ணி நான் துயருறும்போது இவ்வெண்ணை நினைத்துக்கொள்வேன்.

1915ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நியூயோர்க்கில் அவர் நோயுற்று வீழ்ந்தார். தெற்கிலே பிறந்தேன், தெற்கிலேயே இறப்பேன் என்னும் உறுதியோடு புகையிரதமேறி, டஸ்கீகியை அடைந்த சில மணி நேரத்தில், 14ஆந் திகதி விடியுமுன் உயிர் நீத்தார். வயது ஐம்பத்தொன்பது. நியூயோர்க் வைத்தியரொருவர் நோய்க்கு இனத்தின் இயல்பும் ஒரு காரணமென்னும்படி பத்திரிகைக்குக் கூறியதால், தகாத வதந்திகள் பரவின. 2006இல் குடும்பத்தாரின் இசைவுடன் வைத்தியர்கள் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அவரைக் கொன்றது உயர் இரத்த அழுத்தமே எனக் கண்டனர். இயல்பான அளவினும் ஏறக்குறைய இருமடங்காக அது இருந்ததாம். இனத்தின் இயல்பு என்ற வைத்தியர் ஒரு சொல்லை மாற்றிச் சொல்லியிருந்தால் உண்மைக்கு அணித்தே வந்திருப்பார். முப்பத்துநான்கு ஆண்டு இரு வாழ்க்கைகளை ஓருடம்பில் நடத்தியவருடைய குருதி எவ்வாறு அமைதியாய் ஓடும்?

அவர் இறந்தபோது டஸ்கீகியில் ஏறத்தாழ 1,500 மாணவரும் 200 ஆசிரியரும் இருந்தனர். அவ்வாசிரியர் வரிசையிலே 1928இல் வந்து சேர்ந்தவர் சார்ள்ஸ் கொமிலியன். கறுப்பினத்தவரை வாக்காளராகப் பதிவு செய்விக்க அவர் ஆண்டுக்கணக்காக உழைத்தார். அவர்கள் தொகை பெருகுவதைக் கண்ட அலபாமாச் சட்டசபை 1957இல் டஸ்கீகி நகர எல்லையையே மாற்றியது. சதுரமாயிருந்த நகரம் இருபத்தெட்டுப் பக்கங்களையுடைய ஒரு விசித்திர வடிவமாயிற்று. கறுப்பின வாக்காளர் நானூறு பேரில் நாலைந்து பேர் நீங்கலாக எல்லோரும், வாஷிங்டன் கட்டிய கல்லூரியும், எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டனர். கொமிலியன் வழக்குத் தொடுத்தார். புனைபெயரில்லை, மறைமொழியில்லை. வழக்கின் தலைப்பிலே அவ்வாசிரியரின் பெயரே முதலில் நின்றது. அவ்வெல்லை செல்லாதென்று உயர் நீதிமன்றம் ஒருமுகமாகத் தீர்ப்பளித்த நாள் 1960 நவம்பர் 14. வாஷிங்டன் மறைந்து நாற்பத்தைந்து ஆண்டு நிறைந்த நாள்.